முருங்கைக்காய் தின்ற தம்பி

என் தம்பிக்கு ஒரு வயது நெருங்கியபோது, அவன் சாப்பிடக் கூடாதவை போக உலகத்தில் மிச்சமிருந்தது பருப்புச் சோறும் பாலில் ஊறிய பிஸ்கட்டும்தான். முட்டை சூடு, வாழைப்பழம் சளி, கீரை செரிக்காது, பேச்சு வரும் முன்னே மீன் கொடுத்தால் நாக்கு தடித்துவிடும் என்று அப்பாவின் அண்ணியான பெரியம்மா ஒவ்வொன்றாக விலக்கி வைத்தார். பேரையூரில் இருந்த அத்தை போனிலேயே தயிருக்கும் தடை போட்டார். அப்பா இதிலெல்லாம் தலையிடுவதில்லை. பிஸ்கட் வாங்கி வருவதோடு அவர் கடமை முடிந்தது.

பெரியம்மா கெட்டவர் இல்லை. அம்மா ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனதால், பகல் முழுக்கத் தம்பியை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவர் அவர்தான். அதனாலேயே அம்மாவால் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவர் கோபித்துக்கொண்டால் வேலையை விட வேண்டியதுதான்.

அங்கன்வாடியில் தம்பியை எடை போட்ட டீச்சர், பிள்ளை தேறவே இல்லை, காய், பழம், முட்டை என்று எல்லாமும் கொடுக்க வேண்டாமா என்று பத்துப் பேர் முன்னால் அம்மாவைக் கடிந்துகொண்டார். விஷயம் கேட்ட பெரியம்மா அசரவில்லை.

"அவுங்க தராசு சரியில்ல. இவன் எம்புட்டுக் கனம்னு தூக்குற எனக்குத்தான தெரியும்."

நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் மாடியில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அக்காவுக்குத் தம்பி வயதில் ஒரு பெண் குழந்தை. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது அம்மா என்னிடம் சொன்னாள்.

"ஸ்கூல் விட்டு வந்து தம்பிய மாடிக்கு விளையாடத் தூக்கிட்டுப் போ. பெரியம்மாவும் செத்த நேரம் சீரியல் பாக்கட்டும்."

மாடியில் விளையாட்டு எதுவும் நடக்கவில்லை. அக்கா இரண்டு குழந்தைகளையும் பாயில் உட்காரவைத்து ஒரே கிண்ணத்திலிருந்து ஊட்டினார். முதல் நாள் கொடுத்த முட்டை மஞ்சள் கருவைத் தம்பி என் யூனிபாரத்தில் துப்பினான். அந்தப் பெண் குழந்தையோ ஸ்பூன் வருவதற்கு முன்பே வாயைத் திறந்தது. தன் பங்கும் அவளுக்கே போவதைச் சில நாள் பார்த்தவன், பொறுக்க முடியாமல் தவழ்ந்து போய் அவளுக்கு முன்னால் வாயைத் திறந்தான். அதன் பிறகு கீரை, பப்பாளி, முள் எடுத்த மீன் என்று எதையும் அவன் விடவில்லை.

எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. தெரிந்தால் வீட்டில் என்னைத்தான் உரிப்பார்கள் என்று, தினமும் அவன் வாயைக் கழுவித் துடைத்த பிறகே கீழே இறங்குவேன். மீன் கொடுத்த நாட்களில் கைகளுக்குப் பவுடர் போட்டுவிடுவேன். பிள்ளையை மணக்க மணக்க வைத்திருக்கிறேன் என்று பெரியம்மா என்னைப் பாராட்டினார். தம்பியின் கன்னம் உப்பத் தொடங்கியது. எல்லாம் தன் பருப்புச் சோற்றின் மகிமை என்று அவர் தெருவெல்லாம் சொன்னார்.

அந்தச் சமயத்தில் அலங்காநல்லூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் பெரியம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்த தம்பி, சாம்பாரிலிருந்து ஒரு முருங்கைக்காயை எடுத்தான். தொண்டையில் சிக்கிவிடப் போகிறது என்று நாலைந்து கைகள் பதறி நீண்டன. அவன் யாரையும் பார்க்கவில்லை. காயை முன்பற்களால் கவ்வி, சதையை இழுத்துச் சப்பி, சக்கையை இலை ஓரத்தில் வைத்தான். பிறகு இன்னொன்றுக்குக் கை நீட்டினான்.

எங்கள் வரிசையே சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. பெரியம்மா அவனையும் சக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"எங்க மாமனாரு இப்படித்தான் சக்கைய ஓரமா வப்பாரு. ரத்தத்துலயே வந்துருச்சு பாரு."

அம்மா இலையின் மேல் குனிந்துகொண்டாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள்கள் குலுங்கின, கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. குட்டு உடைந்துவிட்டது என்று நான் அவள் காதருகே போய், "மாடி அக்காதாம்மா குடுத்தாங்க. நான் குடுக்கல" என்றேன். அவள் இன்னும் அதிகமாகக் குலுங்கினாள்.

கடையிலிருந்து திரும்பும் வழியில் முட்டையும் பழமும் வாங்கி, மாடியில் கொடுத்துவிட்டுத்தான் அம்மா தினமும் வீட்டுக்குள் வந்தாள் என்பதை, நான் கல்லூரிக்குப் போன பிறகு மாடி அக்காதான் சொன்னார். அன்று பந்தியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா அழுகிறாள் என்பதுதான். என் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து அவள் இலையில் வைத்து, அழாதே என்றேன்.