கர்ஹா ஆற்றின் அக்கரையில்

நாங்கள் குடியிருக்கும் வாகட்டில் வாரம் முழுக்க மழை. திவே மலைப்பாதையைத் தாண்டி சாஸ்வட் பக்கம் இறங்கினால் தரை காய்ந்து கிடந்தது. மேற்கு மலைகளே மேகத்தைப் பிடித்துக்கொள்வதால், கிழக்கே போகப்போக மழை குறைவு. அந்த மலைகளில் பிறந்து, வறண்ட பூமியைக் கடந்து நீரா நதியில் சேருகிற சின்ன ஆறுதான் கர்ஹா. அதை முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கணவருடைய ஞாயிற்றுக்கிழமை ஆசை.

நாங்கள் நின்ற இடத்தில் ஆறு என்பது கரும்பாறையும் மணலும் இரண்டு குட்டைகளும்தான்.

"அக்கரைல ஒரு ஓடை வந்து சேருதாட்ட இருக்குது, பாத்துட்டு வந்தர்றேன்" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்.

அவர் பாதி தூரம் போயிருப்பார். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் சட்டென்று நிமிர்ந்து, ஆடுகளை மேட்டுக்கு விரட்டினாள். என்னைப் பார்த்து, "பாணி யேதய்" என்றாள். தண்ணீர் வருகிறதாம். எங்கள் தலைக்கு மேல் வெயில். அவள் மேற்கே கை காட்டினாள். மலை இருந்த இடம் கறுத்திருந்தது.

அப்புறம்தான் சத்தம் கேட்டது, லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல. வளைவில் முதலில் வந்தது சருகும் நுரையும் முள்ளும்.

"ஏனுங்க, தண்ணி வருதுங்க" என்று கத்தினேன்.

பாறைமேல் நின்று திரும்பினார். எந்தக் கரைக்கு ஓடுவது என்று அவர் தயங்கியது தெரிந்தது.

"இங்க வராதீங்க, அந்தப் பக்கமே போங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. அவர் ஓடி கருவேல மரங்களுக்குள் மறைந்தார். அடுத்த நிமிடம் அந்த மரங்களின் தூரைத் தண்ணீர் மூடியது.

கூப்பிட்டேன். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. என்னை அறியாமல் சரிவில் இறங்கியிருக்கிறேன். அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கையில் இரண்டு போன்கள். யாரைக் கூப்பிட்டு, எந்த மொழியில், என்னவென்று சொல்வது? ஊரில் அவருடைய அம்மாவுக்கு எப்படிச் சொல்வேன் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அரைமணி நேரம் கழித்து அக்கரை மேட்டில் நீலச் சட்டை தெரிந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். உட்கார்ந்தபடியே நானும் இரண்டு போன்களையும் தூக்கி ஆட்டினேன்.

தொலைவில் இருந்த பாலத்தைச் சுற்றி, ஒரு பால்காரரின் பைக்கில் பொழுது சாயும்போது வந்து சேர்ந்தார். முழங்கால் சிராய்த்திருந்தது. அந்தப் பெண் அவரிடம் எங்கள் கரையோரத்தைக் காட்டி, பள்ளம் இந்தப் பக்கம்தான், ஆள் உயரத்துக்கு மேல் என்றாள்.

அவர் அந்த இடத்தை எட்டிப் பார்த்தார்.

"நீ சொல்லலீனா உன்ற பக்கந்தான் ஓடி வந்திருப்பேன்."

அவருடைய போனை அவர் கையில் கொடுத்தேன். காரை நான்தான் ஓட்டினேன்.