காற்றுக்குக் காத்திருப்பவர்

"காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டேதான் அறுவை சிகிச்சை வார்டுக்குள் நுழைகிறார் சிஸ்டரம்மா. வணக்கம், நலம் விசாரிப்பெல்லாம் பிறகுதான். குடலில் கத்தி பட்டவருக்கு வயிற்றுக் காற்று வெளியேறினால்தான் குடல் மறுபடி வேலை தொடங்கியது என்று அர்த்தம். அதுவரை தண்ணீர்கூட அளந்துதான். கட்டிலில் கிடப்பவர் கல்லூரிப் பேராசிரியராகவே இருக்கட்டும், குரலைத் தாழ்த்த மாட்டார். "வெக்கப்பட்டா வெறும் வயிறுதான் சார்!"

குடல் முறுக்கு என்றதும் அலறுகிற உறவினர்களுக்கு, ஒரு பழைய ரப்பர் குழாயை முறுக்கிக் காட்டுவார். "பாருங்க, இனிமே எதுவும் போகாது. ரத்த ஓட்டமும் நின்னுடும். நேரமாச்சுன்னா குடல் அழுகிடும், அதான் அவசரம்." ஏன் வந்தது என்றால், "சிலருக்குப் பிறவியிலேயே அப்படி. சிலருக்குப் பழைய ஆபரேஷன்ல குடல் ஒட்டிக்கிட்டிருக்கும். சிலருக்கு வருஷக்கணக்கா மலச்சிக்கல்."

எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம். அவருடைய கணவர் பஸ் டிரைவர். நடுவழியில் இறங்க முடியாமல் மலத்தை அடக்கி அடக்கியே காலம் தள்ளியவர். அவர் வயிறு உப்பியபோது, "தொந்தியைக் குறைங்க" என்று கேலி செய்தவர் இதே சிஸ்டரம்மாதான். வாந்தியும் வலியுமாக மனிதர் சுருண்டு விழுந்த பிறகுதான் உறைத்தது.

ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டு முறுக்கைப் பிரித்தாகிவிட்டது. ஆனால் மறுபடி முறுக்கிக்கொள்ளலாம், நீண்டு தொங்கும் குடல் பகுதியை வெட்டி எடுப்பதுதான் நல்லது என்றார் டாக்டர். டிரைவரோ, "அதான் சரியாயிடுச்சே, வீட்டுக்குப் போலாம்" என்று சட்டையைத் தேடினார்.

சிஸ்டரம்மா வழக்கம்போல முறுக்கிக் காட்ட ரப்பர் குழாயை எடுத்தார். முறுக்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு பயமா இருக்குங்க. இன்னொரு தடவை வந்து, கொண்டு வர லேட்டாச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

வார்டையே அதட்டும் குரல், பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்கவில்லை.

டிரைவர் சட்டையைத் தேடுவதை விட்டார். பிறகு விரலை எச்சிலால் நனைத்து, இறுகிப்போயிருந்த கல்யாண மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றினார். "ஆபரேஷன் ரூமுக்குள்ள நகை கூடாதுன்னு எல்லாரையும் விரட்டுவியே. இந்தா, பிடி."

சிஸ்டரம்மா அதைத் தம் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, மற்ற விரல்களால் இறுக மூடிக்கொண்டார்.