வேலாயுதத்தின் பதினான்கு மாதங்கள்

இருபத்தாறு வயதில் எனக்கு மகாத்மாவாகிவிட வேண்டும் என்று ஆசை இருந்தது. அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கராக இருந்ததால், மாலை நாலரை மணிக்கு மேல்தான் அதற்கு நேரம் கிடைத்தது. ஆட்டுப்பால் குடித்துப் பார்த்தேன். இரண்டு நாள் லீவு போட வேண்டி வந்தது. மார்கழிப் பனியில் மேல்சட்டை இல்லாமல் ஒரு காலை உட்கார்ந்து பார்த்தேன். அந்தச் சளி பங்குனி வரைக்கும் இருந்தது. மிச்சமிருந்தது உண்மை பேசுவது ஒன்றுதான். அதில் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று கண்டுகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், மகாத்மாவின் வாழ்க்கை தரும் வெற்றிப் பாடங்கள் என்று பிரசங்கம் செய்தேன். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் கை காய்த்தவர்களுக்கு, பேனா பிடித்த நான் உழைப்பின் மேன்மையை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். முன்வரிசையில் எப்போதும் வேலாயுதம் இருப்பார். செடி வெட்டும் கவ்வாத்து ஆள்; என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மற்ற உத்தியோகத்தர் அவரை 'நீ' என்பார்கள். நான் 'நீங்கள்' என்பேன். அதையும் ஒரு சாதனையாக நினைத்துக்கொண்டேன்.

புதிதாகத் தோட்டத்து ஆபிசுக்கு வருகிற தம்பிமாருக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

1. மனு

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு ஒரு சட்டம் வந்தது. நேற்று வரை காலைப் பெரட்டில் ஆள்கணக்குக்குப் பெயர் கொடுத்து மலைக்கு ஏறிய இந்திய வம்சாவளித் தொழிலாளர்கள், இன்று எந்த நாட்டுக்காரர் என்று தெரியாமல் போனார்கள். பிறகு, மனுப் போட்டால் பிரஜாவுரிமை என்று இன்னொரு சட்டம் வந்தது. பல வருஷம் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். இடையில் இந்தியாவுக்குப் போயிருந்தால், ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது.

மனுப் போடுவதற்கான கடைசி நாட்களில் ஒரு நாள் வேலாயுதம் மனைவி பேச்சியுடன் ஆபிசுக்கு வந்தார்.

"இந்தியாவுக்குப் போயிருக்கிறீங்களோ?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு வாட்டிங்க ஐயா. எங்கம்மாவுக்கு முடியலைன்னு காயிதம் வந்துச்சு."

"எவ்வளவு காலம் நிண்டீங்கள்?"

"பதினாலு மாசங்க." தப்புச் செய்தவர் போலத் தலையைச் சொறிந்தார். "ரெண்டு மாசந்தான் தாங்கும்னாங்க."

"சாவுறதுக்கு அதுக்கு அவசரமே இல்லீங்க," என்றாள் பேச்சி. "கடேசி வரைக்கும் கஞ்சி ஆறிப்போச்சுன்னு சண்ட போட்டுச்சு."

பெரிய கிளாக்கர் பக்கத்து மேசையிலிருந்து தலை நிமிர்ந்தார். என்னைப்போல யாழ்ப்பாணத்தார், பென்ஷனுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்.

"பத்து மாதம் எண்டு போடும், தம்பி."

"அது பொய்யல்லோ?"

"உமக்கென்ன விசரோ? அந்தக் காலத்துச் செக்ரோலெல்லாம் கரையான் திண்டு முடிச்சிட்டுது. ஆர் வந்து பாக்கப்போறான்?"

உண்மைதான். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார் என்று பதிந்த அந்தப் புத்தகங்களைக் கரையான் பட்சபாதமில்லாமல் தின்றிருந்தது. வேலாயுதத்தைக் காட்டிக்கொடுக்க உலகத்தில் என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை.

"பெரியவரு சொல்ற மாதிரியே போட்டுருங்களேன் ஐயா," என்றார் வேலாயுதம். "அங்க இப்ப எனக்கு யாருமில்லீங்க. புள்ளைங்க மூணும் இந்த லயத்துல பொறந்ததுங்க. அனுப்பிச்சிட்டாங்கன்னா எங்க போயி நிப்பேன்?"

"உண்மை சொன்னவனை ஒருத்தரும் கைவிடமாட்டினம். போன ஞாயிறு சொன்னனல்லோ?"

"சொன்னீங்க." பேச்சியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஐயா சொன்னாச் சரிங்க."

பதினான்கு மாதம் என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

2. கச்சேரி

மனு நாலு வருஷம் எங்கேயோ கிடந்தது. அதன் பிறகு விசாரணைக்குப் பதுளைக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, வரச்சொன்னார்கள். தோட்டத்தின் சார்பில் நானும் போனேன். யாரோ துரை கழித்துப்போட்ட கோட்டை வேலாயுதம் போட்டிருந்தார்.

விசாரித்த அதிகாரி களைத்த மனிதர். காகிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்:

"இதை நிரப்பியது யார்?"

"நான்தான், சேர்."

பேனாவின் மூடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கிளாக்கர்மார் அவசரத்தில் எழுதும்போது பிழைகள் வருவதுண்டு. இந்தப் பதினான்கும் அப்படியொரு பிழையாக இருக்கலாமா?"

அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது எனக்கே விளங்கியது. "இருக்கலாம், சேர்" என்று சொன்னால் போதும். வேலாயுதம் எங்கள் இரண்டு பேருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

அந்த நேரத்தில் எனக்கு மகாத்மாவின் ஞாபகம் வரவில்லை. கிளாக்கர்மார் அவசரத்தில் எழுதுகிறார்கள் என்று சொன்னாரே, அதுதான் உறுத்தியது. என் புத்தகங்களில் ஓர் அடித்தல் திருத்தம் கிடையாது. துரையே ஒருமுறை பாராட்டியிருக்கிறார்.

"நான் பிழையாக எழுதுவதில்லை, சேர்," என்றேன்.

அவர் பேனாவை மூடினார்.

"என்னங்க ஐயா கேட்டாரு?" என்றார் வேலாயுதம், வெளியே வந்ததும்.

"பதினாலு மாதம் சரிதானோ எண்டு கேட்டார். சரி எண்டன்."

"நல்லதுங்க ஐயா." ஸ்டேஷன் கடையில் எனக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்.

மனு நிராகரிக்கப்பட்ட கடிதத்தை அவருக்குப் படித்துக்காட்டியதும் நான்தான். உச்சரிப்பில் ஒரு பிசகும் இல்லை.

3. லயம்

பிரசங்கத்தை நிறுத்தினேன். மகாத்மா தம்முடைய உண்மைக்காகத் தாமே சிறைக்குப் போனார். நான் என்னுடைய உண்மைக்காக வேலாயுதத்தை அனுப்பினேன். அதுகூட உண்மைக்காக அல்ல, என் கையெழுத்தின் சுத்தத்துக்காக. தம்பிமாரே, ஒரு பெரிய மனிதரிடம் பாடம் படிக்கும்போது, பரீட்சையை எழுதப்போவது யார் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதுவும் யாருக்கும் உதவவில்லை.

வேலாயுதம் இன்னும் அதே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில்தான், இருக்கிறார். எந்த நாட்டுக்கும் அவர் தேவைப்படவில்லை. எப்போது கப்பலேறச் சொல்வார்களோ என்று ஒரு தகரப்பெட்டியை நிரந்தரமாகக் கட்டிவைத்திருக்கிறார். மூத்த மகன் வெலிமடையில் அரசாங்கத் துண்டு நிலம் கேட்டுப் போய், பிரஜையில்லை என்று திரும்பி வந்தான்.

போன வருஷம் பண்டாரவளைப் பக்கம் எனக்கு மாற்றல் வந்தது. போவதற்கு முன், மனச்சாட்சியை இறக்கிவைத்துவிட்டுப் போகலாம் என்று அந்த லயத்துக்குப் போனேன். கச்சேரியில் அதிகாரி உண்மையில் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

வேலாயுதம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "அப்ப பிழைன்னு சொல்லியிருந்தா விட்டுருப்பாருங்களா?"

"விட்டிருப்பார்."

"அப்புடீங்களா." எழுந்து வெளியே போய், தேயிலையைப் பார்த்தபடி நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். மன்னிப்பார் என்றும் கொஞ்சம் காத்திருந்தேன். அவர் உள்ளே வரவில்லை.

பேச்சி எனக்கு முன்னால் தேத்தண்ணியை வைத்தாள்.

"இத்தன வருசமா, பதினாலு மாசம் இழுத்துருச்சுன்னு அவங்கம்மாளத்தான் நொந்துக்கிட்டுக் கெடந்தாரு. செத்தவளுக்கு அதுல ஒரு நட்டமும் இல்ல," என்றாள். "இதயாச்சும் சொல்லாம இருந்திருக்கலாமே ஐயா."