நடுச்சுவர்

பகலவன் ராகு காலத்தில் மாலை மாற்றிக்கொண்டவன். அழைப்பிதழிலேயே அதைப் பெருமையாக அச்சடித்திருந்தான். கூத்தாநல்லூர்ப் பக்கம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். பூனை குறுக்கே போனால் அதற்கு ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம் என்று சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பான். ஊருக்கு உபதேசம் சுலபம்தான். சொந்த வீட்டுக்கு நிலை வைக்கிற நாள் வந்தபோது அந்த அறிவு எந்தப் பரணில் ஏறிப் படுத்துக்கொண்டதோ தெரியவில்லை.

காலனியில் அரசு கட்டிக்கொடுத்த இரட்டை வீடு அது. மண் சாந்தில் எழுப்பிய ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் காத்தாயி. நடவுக்கும் களைக்கும் போய்த் தனியாகப் பிழைக்கிறவள். ரத்த சொந்தமில்லை, ஆனாலும் அவனுக்குச் சின்னம்மா. தன் பாதியில் ஓட்டைப் பிரித்துவிட்டு மாடி எடுக்க அவன் கடன் வாங்கினான். வீட்டுக்கு ஏற்கெனவே காப்பீடு இருந்தது. அதைப் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் ஆஷிகா விவரமாகவே சொல்லியிருந்தாள்.

"சார், ஓட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லிடுங்க. குடியிருக்கிற வீட்டுக்குப் போட்ட பாலிசி, பிரிச்சுப் போட்ட வீட்டுக்கு ஆகாது. வேலை நடக்கிறப்ப பக்கத்து வீட்டுக்குச் சேதம்னா அதுக்கும் தனியா எழுதணும்."

சொல்லத்தான் இருந்தான். அவன் மனைவி பிரதீபா தடுத்தாள். "நிலை நிக்கிற வரைக்கும் இடியும், விழும்னு வாயில வர வேணாங்க. நின்னதும் சொல்லிக்கலாம்."

அவன் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை, உள்ளூர அவனுக்கும் பயமாக இருந்தது. ஐப்பசியில் ஓட்டைப் பிரித்தார்கள், முன்சுவரை இடித்தார்கள். மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டி நிலை நின்ற அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. நல்ல நாளில் எதற்கு, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அன்றும் விட்டான். தலைக்கு மேல் மறைப்பில்லாத நடுச்சுவர் ஊறிப்போய், மறுநாள் காலை காத்தாயியின் அடுப்படிக்குள் சரிந்தது. அவள் கூரையில் பாதியும் கூடவே வந்தது. ரேஷன் கடைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பினாள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மழையில் சுவர் விழுந்துவிட்டது என்று மட்டும் ஆஷிகாவுக்குச் சொன்னான். சேதத்தைப் பார்க்கக் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார் என்றதும் காத்தாயியிடம் போய் நின்றான்.

"சின்னம்மா, யாராவது கேட்டா, மழையிலதான் எங்க ஓடெல்லாம் சரிஞ்சுதுன்னு சொல்லுங்க. அந்தப் பணம் வந்தா முதல்ல உங்க சுவரைத்தான் எழுப்புவேன்."

"எனக்குப் பொய் சொல்ல வராதே தம்பி," என்றாள். அவன் முகத்தைப் பார்த்தவள், "சரி, சொல்றேன்," என்றாள்.

வந்தவர் பெயர் செழியன். குடையை மடக்கிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். பகலவன் சொல்லிக்கொடுத்தபடியே காத்தாயி சொன்னாள், குரல் நடுங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னால் யாருக்குத்தான் நடுங்காது? அவர் வேலியோரம் கை காட்டினார். அங்கே ஓடுகள் ஒன்றுகூட உடையாமல் அடுக்கித் தார்ப்பாய் போர்த்தியிருந்தது.

"மழையில விழுந்த ஓடு தானா போய் அடுக்கிக்கிச்சாம்மா?"

இடிபாட்டை அள்ள வந்திருந்த கொத்தனார்கள் சிரித்தார்கள். அவர் விடவில்லை. "இந்த வயசுல எதுக்கும்மா பொய்?"

காத்தாயி தலை குனிந்துகொண்டாள். பகலவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது வெளியே வரவில்லை. வாத்தியார் பொய் சொல்லச் சொன்னார் என்று கொத்தனார்களுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் அப்போது அவன் கவலை. செழியன் தெருமுனைக்குப் போன பிறகுதான் பின்னால் ஓடினான்.

"சார், நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். ஓட்டை நாங்கதான் பிரிச்சோம்."

அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். திரும்பி வந்தபோது காத்தாயி இடிபாட்டுக்குள் பாத்திரம் தேடிக்கொண்டிருந்தாள்.

"பணம் வராது சின்னம்மா. எப்பாடு பட்டாவது உங்க சுவரைக் கட்டிக் குடுத்துடுறேன். அவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்."

நசுங்கிய குண்டானை அவள் முந்தானையால் துடைத்தாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனை இன்னும் கூச வைத்தது.

"கட்டிக் குடுப்பே, அது தெரியும் தம்பி. அவர் காதுல போய்ச் சொல்லிட்டே. சிரிச்சாங்களே, அவங்ககிட்ட யாருப்பா சொல்றது?"