டாக்குமெண்டரிக்குப் போன நாரை

எங்க ஊட்டுக்காரரு துலுக்கானம் சினிமாவுல கீறாருன்னு சொன்னா போதும், எல்லாரும் வாயப் பொளந்துகினு இன்னா வேஷம்னு கேப்பாங்க. வேஷம் எல்லாம் அவரு கட்றதில்ல, அவரு வளக்கறதுங்க கட்டும். டூயட்டுக்கு வெள்ளப் புறா, அம்மன் படத்துக்குப் பாம்பு, ஈரோயின் கொஞ்சறதுக்கு முயலுன்னு ஷூட்டிங் கம்பெனிங்களுக்கு சப்ளை பண்றவரு. பூந்தமல்லியாண்ட சென்னீர்குப்பத்துலதான் எங்க ஊடு. ஊடுன்னு நான்தான் சொல்லிக்கணும். முன் ரூம்ல முயலு, பின் ரூம்ல புறா, நடுவுல எடம் மிஞ்சினா நானு. அதுங்களுக்கெல்லாம் கால்ஷீட்டு உண்டு, பேட்டா உண்டு, வந்து இட்டுகினு போறதுக்குக் காரு உண்டு. கட்டிகினு வந்த நாளா நாகம்மான்னு ஒருத்தி கீறாளே, அவளையும் ஒருவாட்டி கார்ல ஏத்துவோம்னு அந்த மனுசனுக்குத் தோணுனதே இல்ல.

இந்தக் கூட்டத்துல வாடகைக்குப் போவாத மகராசன் ஒருத்தன் இருந்தான். பேரு தொரை. நத்தகுத்தி நாரை. ஒரு மழைல பாரிவாக்கம் ஏரிக்கரை மரத்துலேந்து குஞ்சா கீழ வுழுந்து கெடந்தத, தலைல கட்டிருந்த துண்ட அவுத்து இவருதான் சுத்திகினு வந்தாரு. வளந்து நின்னா இடுப்பு ஒசரம். கையப் பின்னால கட்டிகினு வேல மேற்பார்வ பாக்கற வெள்ளக்காரன் கணக்கா நடப்பான், அதான் தொரை. ரேஷன் கடையிலேந்து ஒரு கிலோ சக்கர வாங்கிகினு வாய்யான்னா மறந்துடும். அந்த நாரைக்கு நத்த பொறுக்க மட்டும் முட்டியளவு தண்ணில எறங்கி நிப்பாரு. ஒவ்வொரு நத்தையா இவரு தூக்கிப் போட, அவன் நடந்து வந்து எடுத்துக்குவான். அந்த சாதிக்குக் கத்தத் தெரியாது, அலகத்தான் டக்கு டக்குன்னு தட்டும். "பாத்தியாமே, கோவம் வந்தாக்கூட ஒரு வார்த்த பேசாது"ன்னு என்னப் பாத்துகினே சொல்லுவாரு. நல்லா கீது கத.

தொரைக்கு றெக்கைய வெட்டல. பறப்பான், போஸ்ட் கம்பத்து மேல ஒக்காருவான், தெருவுல எல்லா ஊட்டுலயும் பூந்து வருவான். இவரு கூப்ட்டா எங்க இருந்தாலும் எறங்கிடுவான். எத்தினியோ கம்பெனிக்காரங்க கேட்டும் இவரு தரல. "அவன் ஐட்டம் இல்ல சார், ஊட்டு ஆளு"ன்னுடுவாரு. நானு ஐட்டமா, ஊட்டு ஆளான்னு கேக்கலாம்னு கீறேன் இன்னும்.

தொண்ணூத்தி ரெண்டு மே மாசம் மனோகரன்னு ஒரு டைரக்டரு வந்தாரு. சினிமா டைரக்டரு இல்லியாம், அதவிட ஒசத்தியாம், டாக்குமெண்டரியாம். கூவம் பொறக்கற எடத்துலேந்து கடல்ல சேர்ற வரைக்கும் கரையில இன்னா இன்னா பட்சி, மிருகம் வாழ்துன்னு டிவிக்குப் படம் எடுக்கறாரு. மழக்காலத்துல பணம் கேட்டாராம், அனுமதி அக்கினி நட்சத்திரத்துல வந்துச்சாம். பருத்திப்பட்டாண்ட ஆத்துல அப்ப மிச்சம் இருந்தது ஒரே ஒரு குட்டை. கேமராவ வெச்சுகினு நாள் கணக்கா காத்துகெடந்ததுல எருமை வந்துச்சு, நாய் வந்துச்சு, சொம்பு எடுத்துகினு காலக்கடனுக்கு ஆளுங்க வந்தாங்க. அவங்களையும் வனவிலங்குல சேத்துக்கலாமான்னு யோசிச்சாரோ இன்னாவோ.

டீக்கடையில யாரோ எங்க ஊட்டுக்காரரப் பத்தி சொன்னதுக்கு மொதல்ல கோவம்தான் வந்துச்சாம். "நான் உண்மையத்தான் எடுப்பேன், இயற்கைய ஏமாத்த மாட்டேன்"னாராம். அன்னிக்கி சாயங்காலமே எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னு, கீரிப்பிள்ள கெடைக்குமான்னாரு. உண்மைக்கு ஒரு கீரிப்பிள்ள கொறையுதாம்.

அப்புறம் இன்னா, கீரி போச்சு, ஆமை போச்சு, பாம்பு போச்சு, எல்லாம் வேன்ல ஏறி ஆத்துக்குப் போய் இயற்கையா வாழ்ந்துட்டு வந்துச்சுங்க. பாம்புக்குத்தான் அம்மன் படத்துல நடிச்ச பழக்கம். கேமராவக் கண்டா படம் எடுத்துகினு அப்டியே நிக்கும். "கொஞ்சம் இயல்பா இருக்கச் சொல்லுங்க"ன்னு டைரக்டரு சொன்னாராம். இவரும் பாம்பாண்ட குந்திகினு சொல்லிப் பாத்தாராம்.

கடைசி நாளுக்கு மொத நாளு கூண்டுங்கள எறக்க வந்தப்ப டைரக்டரு தொரையப் பாத்துட்டாரு. "என் படத்தோட கடைசி ஷாட்டு இவன்தான். ஆத்துலேந்து எழும்பி கடலப் பாத்துப் பறக்கணும்"னாரு. இவரு முடியாதுன்னு தலையாட்டுனாரு. "டைட்டில்ல உங்க பேரு போடறேன்"னாரு அவரு. அத்தோட ஆளு கவுந்துட்டாரு. இத்தினி வருசத்துல எத்தினியோ படத்துக்கு சப்ளை பண்ணி ஒண்ணுத்துலயும் பேரு வந்ததில்ல. தையக்காரன் பேரு வருது, சாப்பாடு போட்டவன் பேரு வருதுன்னு தியேட்டர்ல பொலம்புவாரு.

"பேரு வந்து நீ இன்னா பண்ணப் போற? அவன் அப்டியே பூட்டான்னா?"ன்னு கேட்டேன்.

"எங்கமே பூடுவான்? ஒரு சத்தம் குடுத்தா வந்துடப் போறான்"னாரு.

விடிஞ்சதும் ஆத்துக்குப் போனோம், நானும் சோத்து மூட்டையோட போனேன். தொரை குட்டையில எறங்கி நத்த தேடுனான், கேமரா ஓடுச்சு, எல்லாம் நல்லாதான் இருந்துச்சு. பறக்கணும்னு வந்தப்பதான் பேஜாராப் போச்சு. கையத் தட்டுனாங்க. எழும்புனான், ஒரு ரவுண்டு அடிச்சான், நேரா எங்க ஊட்டுக்காரரு பக்கத்துல எறங்கிட்டான். மறுபடி எடுத்தாங்க. மறுபடி வந்து எறங்குனான். இவர மறஞ்சுக்கச் சொன்னாங்க. சீமக்கருவேலம் பொதருக்குப் பின்னால போய் குந்திகினாரு. தொரை இந்தவாட்டி பறக்கவே இல்ல. நடந்தே போயி, பொதரச் சுத்திகினு வந்து, அவரு முதுகுல அலகால ஒரு தட்டு தட்டுனான். கேமராக்காரரு சிரிப்பு தாங்காம கீழ ஒக்காந்துட்டாரு. டைரக்டரு சிரிக்கல. பிலிமு கடைசி ரோலாம்.

"உங்களப் பாத்துப் பயந்தாத்தான் அது போவும். ஒரே ஒரு கல்லு போடுங்க, மேல படவாணாம்"னாரு, இயற்கைய ஏமாத்தாத அந்த மனுசன்.

"வாணாய்யா, வா, ஊட்டுக்குப் போலாம்"னு நான் சொன்னேன். இவரு காதுல வாங்கல. குனிஞ்சு ஒரு கல்ல எடுத்து தொரைக்கு முன்னால போட்டாரு. தொரை நடந்து வந்து அந்தக் கல்லக் கொத்திப் பாத்தான். இவரு கையிலேந்து எது வந்தாலும் அது சாப்பாடுன்னுதான அதுக்குத் தெரியும். இன்னொண்ணு போட்டாரு. அதையும் வந்து கொத்துனான். வெய்யிலு ஏறுதுன்னு கேமராக்காரரு சொன்னாரு. மூணாவது கல்ல இவரு கண்ண மூடிகினு வேகமா வுட்டாரு. அது எடது கால்ல பட்டுச்சு.

தொரை இவர ஒருவாட்டி பாத்தான். அப்புறம் எழும்பி கெழக்கால போனான், திரும்பல. பிரமாதம்னு டைரக்டரு இவரக் கட்டிப் புடிச்சுகினாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சோத்து மூட்டைய டைரக்டரு தலைலயே கவுத்திருப்பேன். இருட்டற வரைக்கும் இவரு கரையில நின்னு கூப்ட்டாரு. அடுத்த நாளும் போனாரு, அதுக்கடுத்த நாளும் போனாரு.

ஆவணில படம் டிவில வந்துச்சு. எதிர் ஊட்டு ரோஸியக்காவோட கலர் டிவி முன்னால தெருவே கூடிடுச்சு. எங்க ஊட்டுக் கீரியும் ஆமையும் கூவங்கரையில பரம்பரையா வாழ்துங்களாம். கடைசில தொரை றெக்கைய விரிச்சு எழும்புனான், பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. "மனித நிழல் பட்டாலே விலகிச் செல்லும் கூச்ச சுபாவம் கொண்ட நாரை"ன்னு ஒருத்தர் கணீர்னு பேசுனாரு. தெருவே சிரிச்சுது. "எங்க ஊட்டு மீன் சட்டில தலைய வுடுமே, அதுக்கா கூச்சம்"னு ரோஸியக்கா கேட்டாங்க. இவரும் சிரிச்சாரு. அப்புறம் துலுக்கானம்னு எழுத்து வந்துச்சு, எல்லாரும் கையத் தட்டுனாங்க. எழுத்துக்கூட்டி நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள சோப்பு விளம்பரம் வந்துடுச்சு.

ஐப்பசில பாரிவாக்கம் ஏரி ரொம்புச்சு. நத்தகுத்தி கூட்டமா எறங்கி கீதுன்னு சேதி வந்ததும் இவரு ஒரு பக்கெட்டு நத்தையோட கெளம்பிட்டாரு. ஏரி பூரா நத்த கெடக்கு, அங்க போய் நத்த எடுத்துகினு போற ஆளப் பாருன்னு திட்டிகினே நானும் பின்னால போனேன்.

நூத்துக்கணக்குல நின்னுச்சுங்க, எல்லாம் ஒரே மாதிரி. இவரு கரையில நின்னு "தொரை"ன்னு கூப்ட்டாரு. ஒண்ணும் அசையல. ஒண்ணே ஒண்ணு மட்டும் தலையத் தூக்குச்சு. எடது கால இழுத்துகினு ரெண்டடி இவரு பக்கமா வந்துச்சு. அந்தப் பாழாப்போன நாரைக்காக என் கண்ணுல தண்ணி வரும்னு யாராச்சும் சொல்லிருந்தா செருப்பால அடிச்சிருப்பேன். வந்துச்சு.

இவருக்கு மூஞ்செல்லாம் சிரிப்பு. பக்கெட்டுலேந்து பெரிய நத்தையா ஒண்ணு எடுத்து, எப்பவும் போடற மாதிரி கையத் தூக்குனாரு.

தூக்குன கையப் பாத்ததும் தொரை எழும்பிட்டான். அவனப் பாத்து மொத்தக் கூட்டமும் எழும்பி அக்கரைக்குப் பூடுச்சு. தூக்குன கைய எறக்காம, "நத்தடா தொரை... நத்தடா"ன்னு இவரு சொல்லிகினே நின்னாரு.