முட்டத்துக்கு வந்த ஓவியங்கள்

சென்னை அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து பன்னிரண்டு அசல் ஓவியங்களை முட்டம் என்ற கடற்கரை ஊருக்குக் கொண்டுவர நான் நாயாய் அலைந்தேன். நாகர்கோவில் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை நான். அத்தனை தூரம் போய்ப் படம் பார்க்க இந்தக் கரையில் யாருக்கு வாய்க்கும்? ஊர் மாதா கோயில் மண்டபத்தில் மூன்று நாள் வைக்கலாம், யாராவது தொட்டால் அன்றைக்கே கட்டி எடுத்துப் போய்விடுவோம் என்று அருங்காட்சியகத்தார் எழுதி வாங்கிக்கொண்டார்கள். காவலுக்கு ஓர் அதிகாரியும் கூடவே வந்தார்.

முதல் நாள் காலை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் வந்தார்கள். முதல் படம், மடியில் குழந்தையோடு இருக்கும் கிராமத்துப் பெண். முன்னால் வந்தவள் அதைத் தொட்டு விரலை முத்தமிட்டாள். அடுத்தவளும் கையை நீட்டினாள். கடற்கரையில் மாதா படத்துக்கு அப்படித்தான் முத்தி செய்வார்கள். எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டாமா? நான் புராட்டஸ்டண்ட், எங்கள் சபைக் கோயிலில் சுவரில் ஒரு படம் கிடையாது, எங்கே உறைக்கும்! என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்றேன் மேடம்," என்றார் அதிகாரி.

"கொஞ்சம் பொறுங்க சார்." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டாள் வரிசையில் நின்ற மீன் விற்கும் அக்கா ஒருத்தி. "ஏட்டி, கைய எடு! இது மாதா இல்ல. தொட்டா கொண்டு போயிருவாவளாம்."

சொல்லிவிட்டுத் தன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பின்னால் நின்ற அத்தனை பேரும் அப்படியே கட்டிக்கொண்டார்கள். என்ன பெண்கள் இவர்கள்! 'தொடாதீர்கள்' என்று நான் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியும் நடக்காதது ஓர் அதட்டலில் நடந்தது.

அவள் படத்தின் முன்னால் நகராமல் நின்றாள். "இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்," என்றாள்.

"தூங்குற குழந்தைன்னுதான் குறிப்புல இருக்கு," என்றார் அதிகாரி விறைப்பாக.

"சார் பிள்ள வளத்ததில்லியா? தாய் புறங்கைய கழுத்துல வச்சிருக்கா பாருங்க. தூங்குற பிள்ளைக்கு எவ அப்படி வைப்பா? கண்ணும் வாசல்ல கெடக்கு. மருந்து வாங்கப் போனவன இன்னும் காணல."

எத்தனை முறை பார்த்த படம் அது! சேலையின் சிவப்பு, ஜன்னல் வெளிச்சம் என்று பாடமே எடுத்திருக்கிறேன். அந்தக் கை என் கண்ணில் படவே இல்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, அடுத்த படத்தையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."