திருநீறு பூசின பேய்

டென்மார்க்கிலை, ஸ்கீவயிலை இருந்து ஹோர்சன்ஸுக்கு வீடு மாறி அப்ப மூண்டு மாசம். என்ரை மகளுக்கு ஒன்பது வயசு. புதுப் பள்ளிக்கூடத்திலை அவளுக்கு ஒரு சிநேகிதிகூட இல்லை. பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு பிள்ளையள் நிண்டு விளையாடுற எஸ்.எஃப்.ஓவுக்கு, வயோதிபர் இல்லத்து வேலையை முடிச்சுக்கொண்டு நான் அவளைக் கூட்டிவரப் போவன். எத்தினை மணிக்குப் போனாலும் அவள் வாசல் வாங்கிலை, ஜக்கெற்றின்ரை சிப்பைக் கழுத்துமட்டும் இழுத்துவிட்டு, தனிய இருப்பாள். "எவ்வளவு நேரமா இருக்கிறாய்?" எண்டு கேட்டால் தோளை உலுக்குவாள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆரிலை கோவம் எண்டு தெரியாததாலை, வழி முழுக்கக் கார்க்காரரைப் பேசிக்கொண்டு சைக்கிள் மிதிப்பன்.

ஒக்ரோபரிலை பள்ளிக்கூடத்தாலை அறிவிச்சினம், ஹலோவீனுக்கு வீட்டிலை செய்த வேசத்தோடைதான் வரவேணுமாம். "அம்மா, நான் பேயா போகட்டே?" எண்டு மகள் டெனிஸிலை கேட்டாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கெண்டு அவள் ஆசையாக் கேட்ட முதல் விசயம் அதுதான். இது நல்லா வந்தால் நாலு பிள்ளையளோடை சேருவாள் எண்டு எனக்குப் பட்டுது. உடனை இறங்கீட்டன்.

பேய் முகமூடி செய்யப் பலூனை ஊதி, தபால்பெட்டிக்குள்ளை வாற விளம்பரத் தாளுகளைக் கிழிச்சு, கோதம்பை மாவைக் காய்ச்சி ஒட்டினம். ஒரு பண்டி இறைச்சிப் படம் சரியா நெத்தியிலை வந்திட்டுது. "சைவப் பேய் போலை" எண்டு என்ரை மனுசன் பகிடி விட்டார். ஹீற்றருக்கு மேலை ரெண்டு நாள் காயவிட்டு, ஹலோவீனுக்கு முதல் நாள் பின்னேரம் போட்டுப் பாத்தால், மூக்குக்கண்ணாடி உள்ளுக்குப் போகேல்லை. கண்ணாடி இல்லாட்டி அவள் கதவிலை போய் இடிப்பாள். இந்த ஒண்டை மட்டும் நான் யோசிக்கேல்லை, மண்டை கழண்டவள். அவள் அழேல்லை. "பரவாயில்லை, நான் சும்மா போறன்" எண்டாள். அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திராது.

கத்தரிக்கோலை எடுத்து முகமூடியைக் குறுக்காலை வெட்டினன். மூக்குக்குக் கீழை ஒரு தாடை மிஞ்சினது, முட்டைப் பெட்டியிலை வெட்டி ஒட்டின பல்லுகளோடை. மேல் முகத்துக்கு வெள்ளைச் சாயம் பூசுவம் எண்டு அவளின்ரை கையிலை கொஞ்சம் பூசிப் பாத்தன். பத்து நிமிசத்திலை தோல் சிவந்து தடிச்சுப்போச்சு.

அப்பதான் சாமித்தட்டிலை இருந்த திருநீற்றுப் பெட்டி கண்ணிலை பட்டுது. பிறந்ததிலை இருந்து அதைப் பூசின முகம், ஒண்டும் செய்யாது. விடியக் காலமை அவளின்ரை கிறீமிலை குழைச்சு, நெத்தி கன்னம் எல்லாம் அப்பினன். கண்ணைச் சுத்தி என்ரை மை.

"இஞ்சரும், பேயைக் கலைக்கிறதைப் பூசியே பேயாக்கிறீர்" எண்டார் மனுசன்.

"இது கலைச்சாலும் போகாத பேய். பேசாமல் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

மகள் சிரிச்சதிலை கன்னத்துப் பூச்சு வெடிச்சுது. எண்டாலும் நான் மனசுக்குள்ளை பிள்ளையாரிட்டை மன்னிப்புக் கேட்டன். கோவிக்காதை அப்பனே, இவளுக்கு ஒரு சிநேகிதி வேணும்.

அண்டைக்கு வேலையிலை மனம் ஒட்டேல்லை. நேரத்தோடை ஓடிப்போனன். வாசல் வாங்கிலை ஒருத்தரும் இல்லை. உள்ளை எட்டிப் பாத்தால் ஒரே பேயும் எலும்புக்கூடும். ஒரு மூலையிலை மூண்டு பிள்ளையள் வரிசையிலை நிண்டினம். அவையளுக்கு முன்னாலை கண்ணாடி போட்ட ஒரு பேய், தாடையைக் கழட்டி வைச்சிட்டு, தன்ரை கன்னத்திலை இருந்து வழிச்சு வழிச்சு ஒவ்வொருத்தியின்ரை நெத்தியிலையும் மூண்டு விரலாலை குறி இழுத்துக்கொண்டு நிண்டுது. தேப்பன் காலமையிலை பூசுற அதே மாதிரி.

என்னைக் கண்டவுடனை ஓடிவந்தாள். ஜக்கெற்றை எடுக்கத்தான் வாறாள் எண்டு நினைச்சன்.

"அம்மா, இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டே?"

"ஓம், நில்லு" எண்டன்.

அவள் வழக்கமா இருக்கிற அந்த வாங்கிலை, ஜக்கெற்றைக் கழட்டாமல், முக்கால் மணித்தியாலம் இருந்தன். எவ்வளவு நேரமா இருக்கிறியள் எண்டு ஆரும் கேட்டிருந்தால், சந்தோசத்திலை நானும் தோளைத்தான் உலுக்கியிருப்பன்.